வண்டி போகாத பாதை

...எட்டாவது பக்கம் இன்னும் வரவில்லை, இது ஆறுதான், நோட்டரி அம்மாள் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள், குடிக்கட்டும், எனக்கென்ன அவசரம். இந்த நாட்டில் நிலம் வாங்க வந்தவன் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு எழுந்து போக முடியாது, பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நோட்டரி வாய்விட்டுப் படிக்க வேண்டும், வாங்குகிறவனுக்கு மொழி தெரியாவிட்டால் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து அவன் மொழியில் சொல்ல வேண்டும், அந்த ஒருத்தர் நான், பதினேழு வருஷமாக நான்தான், இதே மேஜை, இதே நாற்காலி, கைப்பிடியில் யார் யாரோ நகத்தால் கீறிய கோடுகள், அதில் நாலைந்து என்னுடையவை. இன்று என் இடப்பக்கம் என் தம்பி, அவனுக்கு அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி, எதிரே விற்பவர் அனுப்பிய வக்கீல், மேஜைக்கு அடியில் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். சொந்த அக்காவே மொழிபெயர்ப்பதில் ஆட்சேபணை உண்டா என்று இருவரையும் கேட்கச் சொன்னாள் நோட்டரி, கேட்டேன், "என்னக்கா இது, உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?" என்று தம்பி சிரித்தான், அவன் பொண்டாட்டி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் எப்போதும் தலையைத்தான் ஆட்டுவாள். ஊமைக்கோட்டான் என்று நான் பெயர் வைத்து எட்டு வருஷமாகிறது, வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவள் நிஜப் பெயரை நினைக்க எனக்கு ஒரு நொடி ஆகும்.

எட்டாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நேற்று சாயங்காலமே நகல் வந்துவிட்டது, அடுப்படியில் நின்றபடியே படித்தேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் படித்தேன். நிலத்துக்குப் போகிற பாதை, மலைச்சரிவில் அதற்கு மேலே குடியிருக்கிற மேல்வீட்டுக்காரருக்குச் சொந்தம், வாங்குகிறவர் நடந்து போகலாம், நடந்து வரலாம், வண்டி போகக் கூடாது, கட்டுமானச் சாமான் கொண்டுபோகக் கூடாது, நடக்கிற உரிமையைக்கூட மேல்வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், நாலு வரி. மற்றபடி நிலம் சுத்தம், வீடு கட்டலாம் என்று நகராட்சி முத்திரையே குத்தியிருக்கிறது, கட்டலாம்தான், செங்கல்லையும் கம்பியையும் தலையில் சுமந்துகொண்டு ஏறினால் கட்டலாம். தம்பி மூன்று தடவை போய்ப் பார்த்தானாம், மூன்று தடவையும் கீழே தெரிகிற ஏரியைத்தான் பார்த்திருக்கிறான், வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தானா? நம் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான், நிலத்தின் நடுவில் நின்றுகொண்டு அடுப்படி இங்கே, படுக்கையறை அங்கே என்று காற்றில் கோடு போடுவார்கள், தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் முகம் சுருங்கும், சொந்தத்தில் விவரம் தெரிந்தவர் இருக்கும்போது வக்கீலுக்கு எதற்குக் கொட்டி அழ வேண்டும் என்பார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறேன் நான்... கிணறு பக்கத்து நிலத்துக்காரனுடையது என்று தெரியாமல் வந்த மெக்கானிக், கருவி வைக்கிற கொட்டகையைத் தவிர வேறு எதுவும் கட்டக் கூடாத இடத்துக்கு மாடி வீட்டு வரைபடத்தோடு வந்த புருஷன் பொண்டாட்டி, எல்லாரையும் நடைபாதையில் காப்பி மெஷின் பக்கம் ஒதுக்கி, "இன்னிக்குக் கையெழுத்துப் போடாதீங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க" என்று காதைக் கடித்திருக்கிறேன், அந்த மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், இன்றுவரை அவர் பெயர் தெரியாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். வளர்ந்திருக்கிறது, வளர்ந்து ஒரு ஏரியைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது.

"என்னக்கா சொல்றாங்க?" எல்லை அளவுடா, நாலு மூலையிலும் கல் நட்டிருக்கிறதாம். உண்மையைத்தான் சொன்னேன், அளவைக்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன், ஏழாவது பக்கம் வரைக்கும் நான் யோக்கியம். காத்திருப்பு அறையில் இவன் சட்டைக் காலர் பின்னால் மடங்கியிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது தினமும் நான்தான் எடுத்துவிடுவேன், கை தானாக நீண்டது, அதற்குள் அவள் எடுத்துவிட்டாள், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலைமுடியைக் கோதிக்கொண்டேன், யார் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் கூசியது. இவர்கள் இந்த நாட்டுக்கு வந்ததே என் கடிதத்தால், என் இரண்டு அறை வீட்டில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில், படுக்கையறையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பதினாலு மாசம் சோபாவில் படுத்தேன், அந்த இடுப்புவலி இன்னும் போகவில்லை. ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன், சாவியைப் பூட்டில் நுழைக்கிறேன், உள்ளே அவள் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், "தனியா இருக்கிறவங்க வீடு இல்லையா, ஒரு வாடை இருக்கும்மா, எவ்வளவு தொறந்து வச்சாலும் போகாது." சாவியைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு இறங்கினேன், தெருவை மூன்று சுற்றுச் சுற்றினேன், திரும்பி வந்து மணி அடித்தேன், என் வீட்டுக்கு நான் மணி அடித்தேன். அன்றிலிருந்து எனக்கும் வருகிறது அந்த வாடை, தலையணையில், கோட்டுக் கையில், இதோ இப்போது கன்னத்தில் கை வைத்தால்கூட... நிஜமாகவே இருக்கிறதா, அவள் வைத்துவிட்டுப் போனதா?

தனிக்குடித்தனம் போன பிறகு தம்பி வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாசம் ஒருமுறை, பிறகு "படி ஏற முடியலக்கா" என்று போன் மட்டும், நாற்பத்திரண்டு வயசில் ஏற முடியவில்லையாம். இந்த நிலம் ரயிலில் இரண்டு மணி நேரம், வீடு எழும்பிவிட்டால் அந்தப் போனும் நின்றுபோகும். பத்து நாளைக்கு முன் தேன் ஒழுகப் பேசினான், "அவதான்கா சொன்னா, வெளியாள் எதுக்கு, அண்ணி இருக்காங்களே, அவங்களே படிச்சுச் சொல்லட்டும்னு." பார்த்தீர்களா, காரியம் என்றால் வாடை அடிக்காது. அவளுக்கு இந்த மொழி தெரியாது, முதியோர் இல்லத்தில் கிழடுகளுக்குச் சோறூட்டுகிற வேலை, "அவளும் கொஞ்சம் பேசுறாக்கா" என்று தம்பி பெருமையடிப்பான், என்ன பேசிவிடப்போகிறாள், வாயைத் திற, திரும்பிப் படு, அதற்கு மேல் என்ன... வீடு எழும்பாமல் போனால்? மேல்வீட்டுக்காரருக்குக் கடிதம், நகராட்சிக்கு மனு, கோர்ட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் மொழி வேண்டும், ஒவ்வொரு காகிதத்தையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும், வாரம் ஒருமுறை, இரண்டு முறை, அவளையும் இழுத்துக்கொண்டுதான் வருவான், நான் டீ போட்டு வைப்பேன், ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடி வைப்பேன், நன்றாக மூச்சு இழுக்கட்டும். நேற்று அடுப்பைத் துடைக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எட்டு. நாலு வரியையும் நோட்டரி நிதானமாகப் படித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், இது முக்கியம், தெளிவாக விளக்குங்கள் என்றாள் என்னிடம். வக்கீல் செல்போனை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். சொல்லிவிடலாம், இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பதினேழு வருஷமாகச் சொன்ன வாய்தானே, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தம்பி காதை என் பக்கம் சாய்த்திருக்கிறான்... "பாதையைப் பத்திச் சொல்றாங்கடா, நிலத்துக்கு நடந்து போக வர உரிமை இருக்காம்." ஒரு சொல்கூடப் பொய்யில்லை. "நல்லதுதானேக்கா?" நல்லதுதான். தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் நோட்டரியிடம் சரி என்றான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள், "வேற ஒண்ணும் இல்லையா அண்ணி?" வேறு என்ன, இல்லை. "இல்ல, லாரிகீரி வரணுமே, அதைப் பத்தி எதுவும் போட்டிருக்கா?" மணல் எப்படி வரும், கம்பி எப்படி வரும் என்று சாதாரணமாகக் கேட்கிறாள், யாரும் கேட்கிற கேள்விதான், ஆனால் என் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. "அதெல்லாம் பத்திரத்துல எழுத மாட்டாங்கம்மா." அவள் என்னை நேராகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் கண்ணின் நிறம் இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

ஒன்பதாவது பக்கத்தில் ஒன்றுமில்லை, தேதி, இடம். கையெழுத்தில் முதலில் நான், படித்தது முழுவதையும் அவர்கள் மொழியில் சொன்னேன் என்பதற்கு, போட்டேன். பேனா தம்பியிடம் போனது. அவன் மூடியைத் திறந்தான், அவள் அவன் மணிக்கட்டின் மேல் கையை வைத்தாள், நோட்டரியின் பக்கம் திரும்பினாள், பேசினாள். இந்த நாட்டு மொழியில். தட்டுத் தடுமாறி அல்ல, எண்பது வயசுக்காரர்கள் பேசுகிற மாதிரி நீட்டி, பழைய மரியாதையோடு, நாளெல்லாம் பேச்சைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லாத கிழவர்களிடம் கற்றுக்கொண்ட மொழி... தாங்கள் தயவு செய்து எட்டாம் பக்கத்தில் அந்தப் பாதையைப் பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்க முடியுமா, என் கணவருக்கு அது முழுவதும் சொல்லப்படவில்லை. நோட்டரி என்னைப் பார்க்கவில்லை, மை காயாத என் கையெழுத்தைப் பார்த்தாள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, பெருமையில் வாயெல்லாம் பல், "இவ்வளவு பேசுவாளா இவ! என்னக்கா சொல்றா?" அவளே சொல்லலாம், புருஷன்தானே, பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு பழையபடி ஊமையாகிவிட்டாள், சொல்லுங்கள் அண்ணி என்பதுபோல... வெளியாள் எதுக்கு, அண்ணி இருக்காங்களே... அதைச் சொன்னவள் இவள்தானே, கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்தேன், பாதையைப் பற்றி இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும், முதல் தடவை நிலம் பார்க்கப் போன அன்றே திரும்பிப் பார்த்துவிட்டாளா, அல்லது அதற்கும் முன்பே, பூட்டில் சாவி நுழைந்த சத்தம் அன்றைக்கு உள்ளே கேட்டிருக்குமா? நோட்டரி பக்கத்தைப் புரட்டி முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள், தம்பி எப்போதும்போல் காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டான்.