கிரேன் இறங்கிய சனிக்கிழமை

எங்கள் தெருவில் நடீன் வீட்டுக் கராஜுக்கு இரண்டு ஆண்கள் சொந்தம் கொண்டாடினார்கள். அதைத் தன் கையால் கட்டியவர் ஹார்லன் புரூயிட், நடீனின் முதல் கணவர். இப்போது அந்த வீட்டில் இருக்கிறவர் காசிமிர் வோய்டாஸ், இரண்டாவது கணவர். விவாகரத்தில் வீடு நடீனுக்குப் போனது, வீட்டோடு கராஜும் போனது. உள்ளே தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த அறுபத்தொன்பதாம் வருடத்துப் பான்டியாக் ஜிடிஓ கார் மட்டும் ஹார்லனுடையது. ஆனால் அவர் குடிபோன அடுக்குமாடியில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. அதனால் வண்டி பல வருடம் அங்கேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தது. காசிமிர் தன் காரைக் குளிர்காலத்திலும் பனியில்தான் நிறுத்தினார்.

ஹார்லனுக்கும் நடீனுக்கும் பிறந்த மகள் கோரினுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாள்.

"சர்ச்சுக்கு நான் அந்த வண்டியிலதான் போவேன். நானேதான் ஓட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்கன்னா சந்தோஷம். ஒருத்தர் மட்டும் செய்யறதா இருந்தா எனக்கு வண்டியே வேண்டாம்" என்றாள்.

அப்படித்தான் சனிக்கிழமைதோறும் ஹார்லனின் பிக்கப் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தது. அவர் கார்க் கம்பெனியில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் காலம் தள்ளிய ஆள். குரலே இரும்பில் உரசுவது மாதிரி இருக்கும். காசிமிர் பல் செட் செய்கிற லேப் வைத்திருந்தார். அடங்கிய பேச்சு, சுத்தமான நகம். ஹார்லன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"யோவ், பல்லுக்காரரே, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் குடு."

"இது அங்குல அளவு வண்டி, ஹார்லன். பதினாலாம் நம்பர் மில்லிமீட்டர் ஸ்பேனர், இதுக்குச் சேராது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

காசிமிர் எவ்வளவு கேலிக்கும் 'நீங்க'வை விடமாட்டார். அந்த மரியாதை ஹார்லனை வசவைவிட அதிகமாகக் குத்தியது என்று நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றியும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகாணிகூட வேறாக இருக்கக் கூடாது என்பது ஹார்லன் கட்சி. பழைய இன்ஜினை அக்கக்காகப் பிரித்து, துளை கடைந்து, புது பிஸ்டன் போட்டுத் திரும்பப் பூட்டியவர் அவர்தான். காசிமிருக்கு அழகு இரண்டாம்பட்சம். "இவ்வளவு வேகம் போற வண்டிய அந்தக் கால டிரம் பிரேக்க நம்பி ஒரு பொண்ணு கையில குடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை காலை ஹார்லன் வந்து பார்த்தபோது முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தில் பளபளவென்று புது டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தது. வாரத்துக்குள் காசிமிர் தனியாகவே வேலையை முடித்திருந்தார். பிரேக் குழாய்கூடப் புதிது, வண்டியின் இரும்புச் சட்டத்தை ஒட்டி வளைந்து ஓடியது.

ஹார்லன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"யாரக் கேட்டு மாட்டின?"

"கோரினக் கேட்டேன்."

"என் வண்டி."

"உங்க வண்டிதான். ஓட்டப் போறது அவ."

"என் பொண்ணு எதுல போனா பிழைப்பா, எதுல போனா சாவான்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அன்றைக்கு இன்ஜினை வண்டிக்குள் இறக்கும் வேலை. இரண்டு பேர் வாய் ஓயாமல் 'கொஞ்சம் இறக்கு, நிறுத்து, முன்னால தள்ளு' என்று சொல்லிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. இவர்கள் அதைக் கை ஜாடையிலேயே செய்தார்கள். நடீன் கோரினுடன் கல்யாண கவுனுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

வண்டி நான்கு இரும்பு ஸ்டாண்டின்மேல் நின்றது. கழற்றிய சக்கரங்கள் சுவரோரம் கிடந்தன. பானட் இல்லாத வாய்க்குள் இன்ஜின் சங்கிலியில் தொங்கியது. சங்கிலி மாட்டியிருந்தது ஒரு கை கிரேனில். பம்ப் அடித்தால் ஏறும், அடியில் உள்ள குமிழைத் திருகினால் எண்ணெய் பின்வாங்கிக் கை மெதுவாக இறங்கும். காசிமிர் குமிழ்ப் பக்கம். ஹார்லன் வண்டியின்மேல் சாய்ந்து, இன்ஜின் வந்து உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜின் இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டிய நேரத்தில் அந்தப் புதுப் பிரேக் குழாய் இடத்தைவிட்டு நகர்ந்து, இன்ஜின் உட்காரும் தாங்கிக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்ததை ஹார்லன் பார்த்தார். அப்படியே இறக்கினால் குழாய் நசுங்கும். காலையெல்லாம் அவர் மனதுக்குள் சபித்த குழாய் அது. வாய்க்குள் திட்டிக்கொண்டே இடது கையை உள்ளே விட்டு அதை ஒதுக்கினார். வலது கையைத் தூக்கி 'நில்லு' என்று ஜாடை காட்டியதாக அவர் சொல்கிறார். ஜாடையைத் தான் பார்க்கவே இல்லை என்று காசிமிர் சொல்கிறார். குமிழைத் திருகினார்.

கிரேனின் கை சரேலென்று இறங்கியது. வண்டியையே ஒரு உலுக்கு உலுக்கியது.

ஹார்லன் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும்தான் கேட்டது. அவருடைய விரல்கள் இன்ஜின் தாங்கிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தன.

"தூக்கு" என்றார்.

காசிமிர் பம்பைப் பிடித்து அடித்தார். பிடிப்பே இல்லை. தண்ணீரில் துடுப்பு போடுவது மாதிரி கைப்பிடி மேலும் கீழும் போய் வந்தது. சிலிண்டர் அடியிலிருந்து எண்ணெய் வழிந்து அவர் செருப்பை நனைத்தது.

"ஏறலை."

"அடிய்யா."

"அடிச்சிட்டுதான் இருக்கேன். எண்ணெய் நிக்கலை."

இன்ஜின் இன்னும் முழுசாக உட்காரவில்லை. பின்பக்கம் கியர்பாக்ஸ் தண்டில் ஏறி நின்றதால் பாதிப் பாரம் அங்கே இருந்தது. ஆனால் எண்ணெய் ஒழுக ஒழுக, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது கீழே வந்துகொண்டிருந்தது. ஹார்லனுக்கு அது தெரிந்தது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது.

காசிமிர் போனை எடுத்து அவசர எண்ணை அழைத்து, பெஞ்சில் ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாக விலாசம் கேட்டாள். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சார், உங்க பக்கத்து ரயில்வே கேட்டுல சரக்கு வண்டி நிக்குது. அவங்க பாலம் வழியாச் சுத்திதான் வரணும்."

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. சரக்கு ரயில் நின்றால் நின்றதுதான். ஹார்லன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அவனுங்க வர்றதுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் போயிரும்" என்றார்.

"வேற ஜாக்கி இருக்கா? பெரிய ஜாக்கி கியர்பாக்ஸ் அடியில நிக்குது. அத எடுக்க முடியாது."

"என் பிக்கப்புல ஒரு குட்டி ஜாக்கி இருக்கு. ஸ்டெப்னிக்கு உள்ளது. சாவி என் பாக்கெட்டுல."

காசிமிர் அவர் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டார். அத்தனை வருடத்தில் இரண்டு பேரும் கைகூடக் குலுக்கியதில்லை. சாவியை எடுத்து ஓடி, ஜாக்கியோடும் ஒரு பலகைத் துண்டோடும் திரும்பினார். நான் எதிர் வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஓடியதைப் பார்த்தேன். ஏதோ மறந்துவிட்டு ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தாமல் வேலையைத் தொடர்ந்தேன்.

ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் நேராக வைக்க வேண்டும். அதற்கு வண்டிக்குக் கீழே படுத்துப் போக வேண்டும். காசிமிர் குனிந்து பார்த்தார். உலுக்கியதில் வலதுபக்க முன் ஸ்டாண்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது.

"என்ன பாக்கற?" என்றார் ஹார்லன்.

"ஒண்ணுமில்ல."

"சார், தயவுசெய்து வண்டிக்கு அடியில போகாதீங்க. ஆள் வர்றாங்க" என்றது போன்.

"அந்தம்மா சொல்றதக் கேளு. போகாத. ஸ்டாண்டு ஆடுது. நான் சாஞ்சிருக்கேன்ல, எனக்குத் தெரியுது. ரெண்டு விரல் போனாப் போகட்டும். நடீனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வாய மூடு, ஹார்லன். அசையாம நில்லு" என்றார் காசிமிர். 'நீங்க' அந்த இடத்தில் போனது. பிறகு திரும்பி வரவேயில்லை.

அவர் மல்லாந்து படுத்து, எண்ணெயில் முதுகு வழுக்க உள்ளே போனார். மூக்குக்கு மேலே முன்னூறு கிலோ இன்ஜின். பலகையை வைத்து, அடியில் ஜாக்கியை நிறுத்தி, கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே இரும்பு முனகியது. ஸ்டாண்டு சிமெண்ட்டில் கிறீச்சென்று தேய்வது அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"ஏறுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல... இரு. இரு. ஏறுது. இன்னும் கொஞ்சம்."

காசிமிர் சுற்றினார். எண்ணெய்க் கையில் கம்பி ஒருமுறை நழுவி விழுந்தது. தேடி எடுத்து மறுபடி சுற்றினார்.

"வந்துருச்சு" என்றார் ஹார்லன். கையை உருவிக்கொண்டு பின்னால் விழப்போனவர், வண்டி தன் பக்கம் வருவதைப் பார்த்தார். அவர் அத்தனை நேரம் கொடுத்திருந்த உடல் பாரம் விலகியதும் ஸ்டாண்டு படுக்கத் தொடங்கியிருந்தது. கத்துவதற்கு நேரமில்லை. சுவரோரம் கிடந்த சக்கரம் ஒன்றை ஒற்றைக் கையாலும் காலாலும் வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே தள்ளினார். ஸ்டாண்டு துள்ளி வெளியே விழுந்தது. வண்டி அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது.

கராஜ் முழுக்கத் தூசி. போனில் அந்தப் பெண் "சார்? சார்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யோவ்" என்றார் ஹார்லன். பதிலில்லை. "காசிமிர்."

"இருக்கேன். தோள் மாட்டிக்கிட்டிருக்கு. நசுங்கலை. நகர முடியலை, அவ்வளவுதான்."

ஹார்லன் பெஞ்சில் கிடந்த துணியை எடுத்துக் கையைச் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டு, அவர் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டார். வண்டிக்கு அடியில் ஒரு முகம், வெளியே ஒரு முகம். நடுவில் எண்ணெயும் ரத்தமும்.

கொஞ்ச நேரம் கழித்து ஹார்லன் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. கோவத்துல வேகமாத் திருகினியா?"

"தெரியல, ஹார்லன். கோவம் இருந்துச்சு. கை எவ்வளவு திருகுச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

"ம்" என்றார் ஹார்லன். பிறகு, "நான் ஜாடை காட்டினேனான்னு எனக்கும் இப்ப உறுதியா சொல்லத் தெரியல" என்றார்.

தீயணைப்பு ஆட்கள் வந்தபோது இருவரும் பிரேக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். என் காதில் சைரன்தான் முதலில் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது காசிமிரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லன் ஸ்ட்ரெச்சரில் ஏற மறுத்து, அவர் முழுசாக வெளியே வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நடுவிரலும் மோதிர விரலும் போயின. ஆஸ்பத்திரியில் கோரின் இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துக் கிழித்தெடுத்தாள். "ஒரு வண்டி கேட்டேன். ரெண்டு பிணமா கேட்டேன்? பேசாம வேலை செய்யறதுன்னா என்ன அர்த்தம்? வாயிருக்கில்ல?" என்றாள். அறுபதை நெருங்கும் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி நடந்தது என்று நடீன் கேட்டதற்கு ஹார்லன், "கிரேன்ல வாஷர் கிழிஞ்சிருச்சு. யார் என்ன செய்ய முடியும்?" என்றார். கட்டுப் பிரிக்குமுன்பே ஒற்றைக் கையால் அந்தக் கிரேனைப் பிக்கப்பில் ஏற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தார். அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. காசிமிர் அதைப் பற்றி என்னிடம் பேசும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார்.

கல்யாணத்துக்கு வண்டி தயாராகவில்லை. கோரின் நடீனின் பழைய வேனில், கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். இரண்டு பேரும் அவளுக்கு இருபுறமும் நடந்து வந்தார்கள். ஹார்லனின் இடது கையை அவள் பிடித்துக்கொண்டபோது அவர் வலியில் உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது, விடச் சொல்லவில்லை.

வசந்தத்தில் வேலை மறுபடி தொடங்கியது. வாடகைக்குப் பெரிய கிரேன் வந்தது. இப்போது கராஜிலிருந்து சத்தம் ஓயவே இல்லை. திறந்திருக்கும் கதவு வழியாகத் தெருவுக்கே கேட்கும். "நிறுத்து." "நிறுத்திட்டேன்." "நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு நிறுத்து." அந்தப் பழைய இன்ஜின் உள்ளே போனது. டிஸ்க் பிரேக் அப்படியே இருந்தது. புகைக்குழாய் எது போடுவது என்று ஒரு மாதம் சண்டை நடந்து, கடைசியில் நடீன் கத்தி முடித்துவைத்தாள்.

ஜூனில் ஒரு மதியம் அது முதல்முறை உறுமியபோது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோரின் ஓட்டினாள். ஹார்லன் முன்னால் உட்காரவில்லை. பின்சீட்டில் காசிமிர் பக்கத்தில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரு முனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. கோரின் மிதித்தாள். வண்டி இழுபடாமல், ஒரு பக்கம் சாயாமல், நேராக நின்றது.

பின்சீட்டில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அன்று சாயங்காலம் கோரினிடம் கேட்டேன்.

"அப்பா எதுவும் பேசல. ஆற்றங்கரை வரைக்கும் போய்த் திரும்பற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. காசிமிர்தான் பயந்துபோயி, 'ஏதாவது பேசு ஹார்லன், பேசு'ன்னு கெஞ்சிக்கிட்டே வந்தாரு" என்றாள்.