காயம் காலில், களிம்பு அரிவாளில்

1

இந்தக் கதை என் கால் பெருவிரலில் தொடங்கியது. போன கோடையில் நீள்பிடி அரிவாளால் தோட்டத்துப் புல்லை அறுக்கப்போய் விரலை வெட்டிக்கொண்டேன். தையல் போட்ட நர்ஸ் ஜெர்மனியின் இந்த நெக்கர் ஆற்றங்கரைக்காரி. "அரிவாள எங்க விட்டுட்டு வந்தீங்க? அதுக்குல்ல மொதல்ல மருந்து போடணும்" என்றாள். அவர்கள் பாட்டன் முப்பாட்டன் வைத்தியமாம் அது. காயத்தை விட்டுவிட்டு, வெட்டிய ஆயுதத்துக்குக் களிம்பு பூசுவது. சிரித்தேன். தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 1587ஆம் ஆண்டு, வைக்கோல் மணக்கும் ஒரு காலைப்பொழுதில் ஸ்வாபியாவின்

வேண்டாம். வைக்கோல் மணக்காத சரித்திரக் கதையை இதுவரை யார் எழுதியிருக்கிறார்கள்?

இரண்டாவது: கெண்டைக்காலில் அரிவாள் இறங்கிய பிறகும் யோஸ் வாதாடிக்கொண்டுதான் இருந்தான்.

இது தேவலை. வாதம் வரப்பைப் பற்றியது. அரிவாள் பக்கத்துப் புல்வெளிக்காரன் பார்த்தெலுடையது. (வேண்டுமென்றே வீசினானா? கேட்டுப் பார்த்தேன். கை தவறிவிட்டது என்கிறான். எழுதுகிறவனிடமே மழுப்புகிறான்.)

3

படித்த வைத்தியர் நகரத்தில் இருந்தார், அவர் யோஸ் வீட்டுப் படியேற மாட்டார். யோஸ் மாதிரி ஆட்களுக்குக் குளியல்கூடம் நடத்தும் கிலியான்தான். முடி வெட்டுவார், பல் பிடுங்குவார், எலும்பு கட்டுவார். நம்மூர் நாவிதர்களும் இதெல்லாம் செய்தவர்கள்தானே.

யோஸின் மனைவி ஒத்திலியாவிடம் கிலியான் சொன்னது இதுதான்: காயத்தைத் தினமும் கழுவி வெள்ளைத் துணி சுற்று, வேறெதையும் அதன்மேல் வைக்காதே. வெட்டின அரிவாளைக் கொண்டுவா. கரடிக் கொழுப்புக் களிம்பு பூசித் தருகிறேன், அசையாமல் வை. அது புல் அறுத்தால் உன் புருஷன் காலும் சேர்ந்து அறுபடும்.

4

ஒத்திலியா போய்க் கேட்டாள். பார்த்தெலிடம் இரண்டு அரிவாள்கள். ஒன்று வெட்டியது, கூரானது. இன்னொன்று பல்லுப்போன கிழம். புல் அறுக்கும் பருவம். இப்போது விட்டால் குளிர்காலத்தில் அவனுடைய ஒரே பசுவுக்குத் தீனி கிடையாது. கிழத்தை எடுத்துக் கொடுத்து, "இதுதான்" என்றான். அவள் நன்றி சொல்லி வாங்கிப்போனாள். அந்த நன்றியை எழுதவே எனக்குக் கூசியது.

5

யோஸுக்குக் காய்ச்சல் கண்டது. ஒத்திலியா புல்வெளிக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே," என்றாள். (இங்கே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் தமிழில் அண்ணே என்றுதான் வருகிறது, விட்டுவிட்டேன்.) "அரிவாள யாராச்சும் அசைச்சீங்களான்னு கிலியான் கேக்குறாரு. நான் தொட்டில்ல போட்டு, துணி போத்தி வெச்சிருக்கேன். பச்சப்புள்ளயக்கூட அப்பிடிப் பாத்ததில்ல. பொறவு ஏன் இப்பிடிக் கொதிக்குது?"

பார்த்தெல் கையில் கூரான அரிவாள். பாதிப் புல்வெளி அறுத்தாகிவிட்டது. காலையிலிருந்து வீசிய ஒவ்வொரு வீச்சும் யோஸின் காலில் விழுந்ததாக அவன் நம்புகிறான்.

"நீ வீட்டுக்குப் போ," என்றான். அவள் போனாள்.

6

முடிவு அ: அவன் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறான். ஒத்திலியா தொட்டிலில் கிடக்கும் கிழத்தை எடுத்து அவன் மண்டையில்

[ரொம்பத் தமாஷாகிவிடும்.]

முடிவு ஆ: அவன் தலையைக் குனிந்துகொண்டு மிச்சப் புல்லையும் அறுக்கிறான்.

[இவனை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.]

ஒன்றை மட்டும் முடிவுசெய்துவிட்டேன்: யோஸ் பிழைப்பான். கண்ட சாணியையும் அப்பாமல் கழுவி வைத்த கால் அது. காய்ச்சல் நாளைக்கு இறங்கிவிடும். அரிவாளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பார்த்தெலுக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த நிமிஷமே நிம்மதியாக அறுக்கத் தொடங்குவான். பசு பிழைக்கும், ஒத்திலியாவிடம் சொன்ன பொய்யும் பிழைக்கும். தெரியாவிட்டால், நல்ல அரிவாளைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடக்கக்கூடும். அப்படி நடந்தால், அவன் வாழ்க்கையில் செய்யப்போகிற ஒரே பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேற்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. நான் வாயைத் திறக்கப்போவதில்லை. அவன் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான், அவள் வீட்டுப் பக்கமும் பார்க்கிறான், புல்லையும் பார்க்கிறான். அவனிடம் சொல்லவேண்டுமென்று தோன்றினால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.