முப்பத்தொன்றாம் எண் கதை

அறிவுரை சொல்வதில், வீட்டுக்கு மூத்த பெண்ணான பெரியவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாரப் பத்திரிகையில் 'எழுதுகிறவர்களுக்கு' என்று அவளுக்கு ஒரு பக்கம். ஏழு வருஷமாகப் பொழிந்து தள்ளுகிறாள். காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால் அரைப் பக்கமாவது எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் நொண்டுகிறது. திரும்பி வந்த கதையைக் கட்டிக்கொண்டு அழாமல் மறுநாளே இன்னொரு இடத்துக்கு அனுப்புங்கள். எல்லாம் நல்ல யோசனைதான், சும்மா சொல்லக்கூடாது. வேலைக்கும் போய், பிள்ளையையும் தூங்க வைத்து, கிடைத்த இடுக்கில் எழுதுகிற எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அவள் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று. வீட்டு மனிதர்களுக்குப் பயந்து எழுதாதீர்கள். ஊருக்குச் சொல்ல வாய் வலிக்குமா என்ன?

பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அவள்தான் நடுவர். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, மேலே ஒரு எண் மட்டும் போட்டு, நாற்பத்திரண்டு கதைகளை அவள் மேஜையில் அடுக்கியிருந்தார்கள். ஐந்து மணிக்குள் முடிவு வேண்டும் என்று ஆசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவள் முப்பத்தொன்றாம் எண்ணை எடுத்தாள்.

'பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள் பையில் பழம் இருக்காது, நோட்டும் பேனாவும் இருக்கும்.'

பெரியவளுக்குப் பகீரென்றது. இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு பெரியவளும் ஒரு சின்னவளும் உண்டு, இதென்ன அதிசயம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு மேலே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அந்தத் தேறுதலும் போயிற்று. கதையில் வருகிற சின்னவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்கு ஊசியும் குழாயுமாக நிற்கிறவள், மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு விரிப்பு மாற்றுகிறாள். இது அவளுடைய சொந்தத் தங்கையேதான். அம்மா படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் சின்னவள் பட்ட பாடுதான் அத்தனையும்.

அந்தப் பதினோரு மாதத்தை வைத்துத்தான் பெரியவள் தன் நாவலை எழுதினாள். படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். பெற்ற தாயை இப்படிப் பார்த்துக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்று மேடையில் பேசினார்கள். அவளும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டது நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளேயே கிடந்தது.

இந்தக் கதையில் அது வெளியே வந்துவிட்டது. அம்மா முனகுவதையெல்லாம் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறாள். ஒரு நாள் அம்மா தண்ணீர் கேட்கிறாள். பெரியவள் இடது கையைத் தூக்கி, இரு என்று சைகை காட்டி, வாக்கியத்தை முடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கொடுக்கிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமே ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதியிருக்கிறாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பொருமினாள். அடுத்தது பயம். இது அச்சில் வந்தால் நாவல் படித்தவன் எவனும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்துவிடுவான். எல்லாவற்றையும்விட வயிறெரிந்த விஷயம், கதை நன்றாக இருந்தது. தன் நாவல் இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் சொன்னதை இது ஆறே பக்கத்தில் சொல்லிவிட்டது, போதாக்குறைக்கு உண்மையையும் சொல்லியிருந்தது.

தள்ளுபடியான கதைகளின் கட்டில் அதைச் செருகினாள். யாரும் கேட்கப் போவதில்லை. நாலு கதையை அதன்மேல் அடுக்கவும் செய்தாள். அதற்குமேல் ஒரு வரி படிக்க ஓடவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

சின்னவள் மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உன் பக்கத்தை ஒரு வாரம்கூட விட்டதில்லை என்றாள். மூணு வருஷமாகக் காலையில் போனைத் தொடும் முன்னால் அரைப் பக்கம் எழுதுகிறாளாம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படிக்கிறாளாம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதாம்.

"நீ படிப்பேன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். வேற யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்க்கா. எனக்கு எழுத வருதா, வரலையா? வரலைன்னா சொல்லிடு, இன்னியோட விட்டுடறேன்."

ஒரே ஒரு வார்த்தை போதும். வரலைடி, விட்டுடு. சின்னவள் அப்படியே நம்பிவிடுவாள், மானமும் தப்பிக்கும். சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டாள் அந்தப் பாவி. எத்தனை பேரை எழுது எழுது என்று தூக்கிவிட்டவள், கூடப்பிறந்தவளின் கழுத்தை நெரிக்க அந்த நிமிஷம் அவ்வளவு ஆசைப்பட்டாள்.

"வருதுடி," என்றாள். "என்னைவிட நல்லா வருது. ஆனா ஒரு இடம் பொய்யா இருக்கு."

"எது?"

"தண்ணி கேட்ட இடம். முடிச்சுட்டு எழுந்துபோய்க் குடுத்தேன்னு எழுதியிருக்க. நான் எழுந்திருக்கவே இல்ல. நீதான் அடுப்பை அணைச்சுட்டு ஓடிவந்து குடுத்த."

அதை அப்படியே எழுதினால் அக்காவை ரொம்பக் கேவலப்படுத்தின மாதிரி இருக்குமே என்று மாற்றியதாகச் சின்னவள் சொன்னாள்.

"திருத்தி அனுப்பு," என்றாள் பெரியவள். தங்கை கதைக்குத் தான் பரிசு கொடுக்க முடியாது, ஆனால் யார் எழுதியது, யாரைப் பற்றியது என்று ஆசிரியரிடம் சொல்லி, அவரையே படிக்கச் சொல்வதாகவும் சொன்னாள்.

"அப்படின்னா இன்னொண்ணும் விட்டிருக்கேன்க்கா. தண்ணி குடுத்துட்டு உன்னைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'சத்தம் போடாதே, அவ எழுதறா'ன்னாங்க."

பெரியவளுக்கு அது அன்று காதில் விழவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது போனைக் காதில் வைத்தபடியே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, இருக்கியா? அதையும் போடட்டுமா?"

"போடு," என்றாள், மூச்சு திரும்பியதும். "அதுதான் கடைசி வரி. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதாதே. நான் அழுதேன்னு மட்டும் போட்டுடாதே."