அறுபது லிட்டர் ராமேஸ்வரம்

பட்டாபியின் அஸ்தி ஏறிய எந்த ரயிலும் மதுராவைத் தாண்டவில்லை. 2024 ஆகஸ்டில் முதல் முறை போனபோது தண்டவாளத்தில் வெள்ளம் என்றார்கள். டிசம்பரில் பனிமூட்டம். இரண்டுமே டெல்லியில் வழக்கமானவை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மார்ச்சில், வானம் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்த ஒரு நாளில், ரயில் மதுராவுக்கு வெளியே ஒன்பது மணி நேரம் நின்றது. எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு வந்த பரிசோதகர், மேல் பெர்த்தில் சிவப்புத் துணி சுற்றிய கலசத்தைக் கண்டதும், பட்டாபியின் மகள் ஸ்வப்னாவிடம் மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னார். அவளும் தாயார் காமாக்ஷியும் கலசத்தோடு சரளைக்கற்களில் இறங்கி நின்றார்கள். ரயில் உடனே புறப்பட்டது. ஏப்ரலில் விமானத்தில் போனார்கள். அது மதுராவுக்கு மேலே ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து, ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது.

பட்டாபி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதியவர். டெல்லியில் பிறந்தவர். கடலை ஒரே ஒருமுறை, பதினொரு வயதில், ராமேஸ்வரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்திருக்கிறார். கோடுபோட்ட தாளில் எண்ணிட்டு அவர் எழுதிவைத்த விருப்பங்களில் மூன்றாவது, அஸ்தி கடலில், யமுனை வேண்டாம் என்பது. யமுனையைத் தினமும் இரண்டு தடவை மெட்ரோவில் கடந்தவர், காரணம் எழுதவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. அதனால் மயூர் விஹாரில் அவர்களுடைய நான்காம் மாடி பால்கனியில், கொடிக்கம்பிக்குப் பக்கத்துக் கொக்கியில் கலசம் தொங்கியது. போர்வை உலர்த்தும்போது காமாக்ஷி, "கொஞ்சம் நகருங்கோ" என்பாள். கலசம் தெற்குப் பக்கமாக நகர்ந்து கொடுக்கும். வருஷாப்திகத்துக்குள், அதாவது முதல் வருஷத் திதிக்குள், கரைத்தாக வேண்டும் என்று வெங்கடராம சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். தவறினால் பட்டாபி இந்தக் கரையும் இல்லாமல் அந்தக் கரையும் இல்லாமல் கொக்கியிலேயே இருக்க வேண்டியதுதான். திதி ஜூன் கடைசியில் வந்தது.

விமானம் திரும்பிய மறுநாள் ஸ்வப்னா, அப்பா போகாவிட்டால் கடலை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றாள். காமாக்ஷி சாஸ்திரிகளுக்கு போன் செய்தாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "உப்பு இருக்கணும், அலை இருக்கணும், ஜீவன் இருக்கணும். மூணும் இருந்தா நான் வந்து மந்திரம் சொல்றேன்" என்றார். கடல் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

வண்ணமீன் கடையிலிருந்து ஜெகன் வந்தார். நாற்பது வயது. மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப்பகுதியில் பிறந்து, பெரிய பங்களாக்களில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கொடுப்பவர். இவ்வளவு சின்னதை அவர் வைத்ததில்லை. சின்னத் தொட்டிதான் கஷ்டம், சமுத்திரத்தில் தப்பு நடந்தால் சமுத்திரத்துக்கே தெரியாது, அறுபது லிட்டரில் எல்லாம் தெரிந்துவிடும் என்று எச்சரித்தார். பட்டாபியின் இரும்பு மேஜையை இழுத்துப்போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தார்கள். சமையலறை ஆர்.ஓ.விலிருந்து இரண்டு நாள் குடம் குடமாக நீர் பிடித்து, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கடலுப்பைக் கரைத்தார்கள். வெள்ளை மணலும், அரித்த எலும்புபோல ஓட்டை ஓட்டையாக இருந்த காய்ந்த பாறைகளும், உள்ளங்கை அளவு அலை மோட்டாரும் உள்ளே போயின. பிறகு ஒன்றும் செய்யக் கூடாது என்றார் ஜெகன். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாறையில் குடியேறி நீரைப் பழக்க வேண்டும். அதற்கு ஐந்து வாரம்.

"காலித் தொட்டிக்கு எதுக்கு பையா ஐந்து வாரம்?" என்றாள் ஸ்வப்னா, டெல்லி வழக்கப்படி அவரை அண்ணனாக்கி.

"காலின்னு யார் மேடம் சொன்னது? நம்மள மாதிரி ஆளுங்கதான் மொதல்ல வந்து எடத்த சுத்தம் பண்ணுவாங்க. அப்புறம்தான் கலர் மீனெல்லாம் வரும்."

போகும்போது தொட்டியில் பேனாவால் ஒரு கோடு போட்டார். வெயிலில் நீர் வற்றினால் கோடு வரைக்கும் வெறும் நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் கூடாது. "தண்ணிதான் மாமி ஆவியா போவும். உப்பு எங்கயும் போவாது." காமாக்ஷி காலையில் குளித்துவிட்டு வந்து ஒரு டம்ளர் ஊற்றலானாள். ஸ்வப்னா வாரத்துக்கு மூன்று தடவை சோதனைக் குழாயில் நீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அப்பாவின் கோடுபோட்ட தாளிலேயே குறித்தாள். பச்சை மஞ்சளாயிற்று, நீர் பழகிவிட்டது. மே கடைசியில் ஆறு நத்தைகளும், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும், பண்ணையில் வளர்த்த பவளத்துண்டுகள் மூன்றும் வந்தன. பவளம் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாகப் பூத்தது. வெளியே நாற்பத்தாறு டிகிரி. மோட்டார் ஓடவும் நீரைக் குளிர்விக்கவும் இன்வெர்ட்டரைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, தாயும் மகளும் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். ஜெகன், ஊர்க் கோடியில் மாற்று வீடு கிடைத்த நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வரலானார். பாறையில் கை பட்டால் கொஞ்சம் அதிக நேரம் தடவிப் பார்த்தார்.

திதிக்கு ஒன்பது நாள் இருந்தபோது காமாக்ஷி பூஜை அலமாரியைத் திறந்தாள். அங்கே 2006இல் அவளும் பட்டாபியும் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு, வாயை அடைத்த ஈயப்பற்றோடு இருந்தது. காசித் தீர்த்தத்தை ராமேஸ்வரத்தில் சேர்த்தால்தான் யாத்திரை பூர்த்தி. பட்டாபிக்குக் கடைசிவரை லீவு கிடைக்கவில்லை. இப்போது ராமேஸ்வரமே கூடத்துக்கு வந்திருக்கிறது. அவள் குளித்து, மடியாகப் புடவை கட்டி, சொம்பின் ஈயப்பற்றை உடைத்து நீர் முழுவதையும் தொட்டியில் விட்டு நமஸ்காரம் பண்ணினாள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த ஸ்வப்னா, நத்தைகள் ஆறும் மணலில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். பவளம் மூடிச் சாம்பலாகியிருந்தது. மீன்கள் மட்டும் மூலையில் மூச்சு வாங்கின. மறுநாள் ஜெகன் தொட்டியைப் பார்க்காமல் சொம்பைத்தான் எடுத்துப் பார்த்தார்.

"செம்பு மாமி. மீன் தாங்கும். நத்தைக்கும் பவளத்துக்கும் வெஷம். பத்தொன்பது வருஷத் தண்ணில எவ்வளவு எறங்கியிருக்கும்."

"கங்கைடா அது," என்றாள் காமாக்ஷி. காலிச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் ஐந்து வாரம் ஆகும். எட்டு நாள்தான் இருந்தது. மீன்களை ஜெகன் பையில் பிடித்துக்கொண்டு போனார். ஸ்வப்னா இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காமாக்ஷி பால்கனியில் கலசத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்தினாள். "நகருங்கோன்னு சொல்ல வாய் வரலைடீ. வழியை நானே அடைச்சுட்டேன்" என்றாள். ஸ்வப்னா வாளியிலிருந்து ஈரப் போர்வையின் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சாஸ்திரிகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். செத்த சமுத்திரம் என்று சாஸ்திரத்தில் ஒன்றும் கிடையாது, திதியைத் தள்ளிப்போட முடியாது, வருகிறேன் என்றார் அவர்.

திதியன்று காலை பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் இன்வெர்ட்டரும் தீர்ந்து அலை மோட்டார் நின்றது. சாஸ்திரிகள் கேட்ட மூன்றில் உப்பு மட்டும்தான் மிச்சம். சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, விடும்மா என்றார். ஸ்வப்னா கலசத்தைச் சாய்த்தாள். இரண்டு கைப்பிடி இருக்க வேண்டிய அஸ்தி நாற்பது நிமிஷம் விழுந்துகொண்டே இருந்தது. மணலில் படியவில்லை. மணலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கலசம் காலியானதும் தொட்டியில் நீர் நான்கு விரல் இறங்கி, கொஞ்சம் நின்று, திரும்பி ஏறியது. சாஸ்திரிகள் பழக்கத்தில் வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

மூன்று நாள் நீர் பாலாக இருந்தது. நான்காம் நாள் தெளிந்தபோது நத்தைகள் ஆறும் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. பவளம் திறந்திருந்தது. பாறைக்குப் பின்னால் கண்ணாடி தெரியவில்லை, நீர் நீலமாகப் போய்க்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ராஜம் மாமியின் அலமாரி எப்போதும்போல இருந்தது, அவள் திறந்தும் காட்டினாள். நீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது. ஸ்வப்னா கைபேசியில் ராமேஸ்வரத்தை ஒட்டிய பாம்பனின் ஓத நேரத்தோடு ஒப்பிட்டாள், நிமிஷம் பிசகவில்லை. ஜெகன் வந்து சோதனைக் குழாயில் மூன்று தடவை பார்த்தார். செம்பு இல்லை. மோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி, ஒன்பது வருஷமாக ஊருக்குப் போக முடியவில்லை, தன் அப்பாவுக்கும் ஒரு கை நீர் விட்டுக்கொள்ளலாமா என்றார்.

"இதைக் கேக்கணுமாடா," என்றாள் காமாக்ஷி. உட்கார மனைப்பலகையை எடுத்துப் போட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு அவர் நரேலாவிலிருந்து எட்டுப் பேரை அழைத்து வந்தார். ஜனக்புரியிலிருந்தும் வந்தார்கள். நவம்பரில் ஸ்வப்னா ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனாள். ரயில் மதுராவில் இரண்டு நிமிஷம் நின்று கிளம்பியது. டிசம்பரில் குடியிருப்புச் சொசைட்டியே லிஃப்ட் கதவில் இந்தியிலும் தமிழிலும் ஓர் அறிவிப்பு ஒட்டியது. நான்காம் மாடிக் கடலுக்கு வருகிறவர்கள் அமாவாசையன்று காலை ஆறு முதல் எட்டு வரை வரலாம், செருப்பைக் கீழேயே விட வேண்டும், ஓதம் ஏறும்போது குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே, நீலப் பேனாவில், காமாக்ஷி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: செம்புப் பாத்திரம் கொண்டுவர வேண்டாம்.