ஆண்கள் ஓய்வறையில் இரண்டு நாற்காலிகள்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதில்லை.

உயர்நிலைப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் குறைந்து வருவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பள்ளிவாரிப் பட்டியலில் எல்லா வரிசையும் படியிறங்கிக்கொண்டிருந்தது: பத்து, ஏழு, நான்கு, ஒன்று. ஒரு பள்ளியில் மட்டும் மூன்று ஆண்டுகளாக இரண்டு, இரண்டு, இரண்டு. 'இங்கே ஆண்கள் தங்குகிறார்கள். இந்தப் பள்ளியிடம் மற்றவர்கள் பாடம் கேட்க வேண்டும்' என்று எழுதினேன். எழுதி அச்சான பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

அங்கே இருந்தது ஒருவர்.

2

தொடக்கத்தை இப்படி வைத்துப் பார்த்தேன்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதிய வேளையில், தன்னந்தனியாக, கணக்கு சார்—

வேண்டாம். அன்று நல்ல வெயில். தன்னந்தனி என்றால் அவரே சிரித்துவிடுவார். முப்பத்தெட்டு ஆசிரியைகளுக்கு நடுவே மூச்சுவிட நேரமில்லாத மனிதர். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற வேண்டுமா, மைக் ஒயரை இழுக்க வேண்டுமா, கழிப்பறையில் கட்டிப்புரளும் பையன்களைப் பிரிக்க வேண்டுமா, "சாரைக் கூப்பிடு" என்ற குரல்தான். ஆண்டுதோறும் துறைக்குப் போகும் ஆசிரியர் எண்ணிக்கைப் படிவத்தை நிரப்புவதும் அவரே. எண் சம்பந்தப்பட்டது ஆயிற்றே.

அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது ஆண்கள் இருபத்திரண்டு பேர். கடைசியில் அவரும் பூகோள சாரும் மிஞ்சினார்கள். பிறகு பூகோள சாரும் போனார். (ஏன் போனார்? 'சம்பளம் போதாமல்' என்று எழுதி அடித்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதே சம்பளத்தில் முப்பத்தெட்டு பேர் வேலை பார்க்கிறார்கள். பூகோள சாரிடமே கேட்டேன். "பதினேழு வருஷமா அதே மலை, அதே ஆறு. சலிச்சுப்போச்சு" என்றார். இப்போது வீட்டு மொட்டைமாடிகளை அளந்து சூரியத் தகடு பொருத்துகிறார். இதையும் முழுதாக நம்பவில்லை.)

3

துறையின் விதி ஒன்று உண்டு. ஆண் ஆசிரியர் இருவராவது இருந்தால்தான் அவர்களுக்குத் தனி ஓய்வறை. ஒருவராகிவிட்டால் அறை விடைத்தாள் கட்டுகளுக்குப் போய்விடும்.

ஆகவே படிவத்தில் கணக்கு சார் இரண்டு என்றே போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் தலைமையாசிரியை கண்டும் காணாமல் கையெழுத்திட்டார். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அறையில், எதிர் நாற்காலி காலியாக இருக்க, சார் டப்பாவைத் திறப்பார். சில நாள் பூகோள சார் தொலைபேசியில் வருவார்.

"என்னய்யா, இன்னும் என்னை அங்க உக்கார வச்சிருக்கியா?"

"உன் சேர் அப்படியேதான் இருக்கு."

"சம்பளம் மட்டும் வர மாட்டேங்குதே!"

அவர் நண்பனை இழந்தவர். அதை ஒரு எண்ணை வைத்து ஈடுகட்டப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் இல்லாத ஆட்களை உட்கார வைத்துப் பிழைப்பவன்தான்.

4

என் கட்டுரை வந்த மறுவாரம் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"சார், இந்த வருஷம் யாராவது நேர்ல வந்து பாப்பாங்க. படிவத்துல உங்க கையெழுத்தும் வேணுமாம். என்ன போடுறீங்களோ, நீங்கதான் பொறுப்பு."

பொய் பிடிபட்டால் வேலைக்கே உலை. உண்மை எழுதினால் அறை போகும். போகட்டும், ஒரு அறைதானே என்று அவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். பேனா மூடியைக் கழற்றியபோதுதான் அடுத்த வகுப்புக்கு வேண்டிய மீட்டர் ஸ்கேல் நினைவு வந்து, வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறைக்குப் போனார்.

கதவைத் தள்ளியதும் அமிலப் புட்டிகளுக்கு நடுவே, சுவர்ப்பக்கம் சட்டென்று திரும்பிக்கொண்ட ஒரு முதுகு. புதிதாக வந்த ஆங்கில டீச்சர். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை.

(இந்த இடத்தில் ஒரு பத்தி வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். சாரும் பார்க்காமல்தான் திரும்பினார்.)

5

மறுநாள் டீச்சரே சாரிடம் வந்தார்.

"சார், நேத்து நீங்க ஒண்ணும் பாக்கலைன்னு வச்சுக்குவோம்."

"நான் ஸ்கேல்தாம்மா தேடிட்டு வந்தேன்."

"ஸ்டாஃப் ரூமுக்குக் கதவே இல்ல சார். மத்தியானத்துக்குள்ள எடுக்கலைன்னா பால் கட்டிக்குது. வலி உயிர் போகுது." பிறகு, "உங்க ரூம் ரெண்டு பேருக்குன்னு சொல்றாங்க. இன்னொரு சாரை நான் பாத்ததே இல்லையே?"

"அவரு லீவுல..."

"மூணு வருஷமாவா?"

 சாரின் காது சிவந்துவிட்டது.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு அவர் டப்பாவோடு வராந்தாவில் நின்றுகொண்டு சாப்பிட்டார். *

* அறையை டீச்சருக்கே முறைப்படி கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் தலைமையாசிரியையிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? காலியானா விடைத்தாள் கட்டுக்குன்னுதான் ரூல்ல இருக்கு" என்றார். நான்கு முறை கடிதம் எழுதியிருக்கிறாராம். பதில் வரவில்லை.

6

முடிவுகள் என்னிடம் உள்ளன.

முதலாவது: கணக்கு சார் ஒன்று என்று எழுதுகிறார். பட்டியல் சரியாகிறது. என் கட்டுரையும் திருத்தப்படுகிறது. அறைக்குள் விடைத்தாள் கட்டுகள் ஏறுகின்றன, டீச்சர் அமிலப் புட்டிகளிடம் திரும்புகிறார்.

இரண்டாவது: அவர் இரண்டு என்று எழுதுகிறார். யாரோ வந்து எண்ணுகிறார்கள். அதன்பின் அந்தப் பள்ளியில் ஆண் ஆசிரியர் எண்ணிக்கை பூஜ்—

மூன்றாவதாக, பூகோள சார் மனம் மாறித் திரும்பி வருவதாக ஒன்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் ஏதோ ஒரு மொட்டைமாடியில் நாடாவை நீட்டிக்கொண்டிருக்கிறார், வரமாட்டார்.

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் பள்ளியை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவன் நான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். கணக்கு சார் வராந்தாவில், மூடிய கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு கையில் டப்பா. மறு கையில் படிவம், அதில் கையெழுத்து ஆகிவிட்டது. எண் எழுத வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதை உங்களிடம் நீட்டுகிறார். ஒன்றோ இரண்டோ, வாங்கி நீங்கள் எழுதுங்கள்.

ஆனால் அவசரம் வேண்டாம். டீச்சர் இன்னும் உள்ளே இருக்கிறார்.