நான்கு கிலோ இருநூறு கிராம் மடி

உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு நானூறு மீட்டர் என்று பலகை சொன்னது. கொஞ்ச தூரம் நடந்தேன். அடுத்த பலகை அறுநூறு மீட்டர் என்றது. நடக்க நடக்கத் தூரம் கூடும், பயணிகள் பொறுத்துக்கொள்ளவும் என்று அதன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுதியே போட்டுவிட்டார்கள், இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது. நடந்தேன்.

அப்போது காலை ஏழு மணி. கோலாலம்பூர் விமானம் பத்து மணிக்கு. மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அங்கே என் தங்கை பேச்சியின் மகளுக்குக் காதுகுத்து. மிருதுளாவுக்குப் பதினோரு மாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

மொட்டை போட்டபோது என் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. யாரையோ உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். ஃபோட்டோ அனுப்பினார்கள். அதில் மிருதுளாவின் மொட்டைத் தலைக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பேன்ட் தெரியும். அது யார் மடி என்று நானும் பேச்சியிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் இந்த முறை ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கோவில்பட்டியில் என் கிரைண்டர் ரிப்பேர் கடையை நான்கு நாளைக்குப் பூட்டிவிட்டேன். மாமன் சீராகச் சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்தியிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எண்ணூறாவது மீட்டரில் ஒரு கவுன்ட்டர் இருந்தது. 'ஆள் மாற்றம்' என்று எழுதியிருந்தது. விமானத்தை மாற்றினால் போதாது, ஆளையும் மாற்ற வேண்டும். நான் உள்நாட்டு ஆளாக வந்திறங்கியவன். வெளிநாட்டு ஆளாக மாற்றி முத்திரை குத்தினால்தான் மேலே போகலாம். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்தான் நின்றார். ஒருவர்தானே என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் பெயர் அந்தோணி மிக்கேல். தூத்துக்குடிக்காரர், கப்பல் மெக்கானிக். மஸ்கட் போகிறவர். பன்னிரண்டு நாளாக முனையம் மாறிக்கொண்டிருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். படிவத்தை நிரப்ப என் பேனாவை வாங்கியவர், பயண நோக்கம் என்ற கட்டம் வரும்போது பேசாமல் சுற்றுலா என்று எழுதிவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. முறை செய்யப் போகிற மாமன் எதற்குச் சுற்றுலா என்று எழுத வேண்டும்? நான் என்ன கோபுரம் பார்க்கவா போகிறேன்? நாலு பேர் படிக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பயண நோக்கம்: தாய்மாமன் மடி.

கையையும் பேனாவையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் தலையெழுத்து.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரியின் சட்டையில் வத்சலா என்று பெயர் இருந்தது. படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"எங்க இருக்கு?"

"என்னது?"

"மடி."

நிற்கும்போது எப்படி இருக்கும், உட்கார்ந்தால்தான் வரும் என்று விளக்கினேன். உட்காரச் சொன்னார். எடை போடும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தேன். மடி வந்தது. குறித்துக்கொண்டார். எழுந்திருக்கச் சொன்னார். போனது. அதையும் குறித்துக்கொண்டார். இப்படி ஏழு தடவை. உட்கார்ந்தால் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். சின்ன வயதுப் பழக்கம். அம்மா தொடையிலேயே அடிப்பாள், அப்போதும் நின்றதில்லை. ஆடாமல் உட்காருங்கள், எடை நிற்க மாட்டேன் என்கிறது என்று வத்சலா கடிந்துகொண்டார்.

கடைசியில் எடை நின்றது. நான்கு கிலோ இருநூறு கிராம்.

தோன்றி மறையும் பொருளைப் பயணி கையோடு கொண்டுபோக முடியாது என்பது விதி. அதை இங்கேயே ஒப்படைத்துவிட்டுக் கோலாலம்பூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாதாடினேன். மாமனும் மடியும் வேறு வேறு இல்லை என்றேன். வத்சலா விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். மாமன் ஒரு பக்கத்திலும் மடி இன்னொரு பக்கத்திலும் இருந்தன. நடுவே நாற்பது பக்கம்.

ஒரு தட்டு வந்தது. மடியை வைத்தேன். பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் சீட்டை அதில் ஒட்டி, ஓடும் பட்டையில் விட்டார்கள். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு அது உள்ளே போனது. போகும்போது வலது பக்கம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

சரி, தொல்லை தீர்ந்தது என்று முத்திரைக்குப் படிவத்தை நீட்டினேன்.

"உங்க பயண நோக்கம் என்ன சார்?" என்றார் வத்சலா.

"இப்பதானே எழுதிக் குடுத்தேன்."

"அது போயிருச்சே."

போய்விட்டதுதான். நோக்கம் மடியோடு போய்விட்டது. நோக்கம் இல்லாத ஆளை மாற்ற முடியாது. வேறு நோக்கம் வேண்டுமானால் புதுப் படிவம் வேண்டும், அது நாளைக் காலையில்தான் கிடைக்கும். நாளைக் காலையில் காதுகுத்து என்றேன். அப்படியா, வாழ்த்துகள் என்றார். கொதிப்பு ஏறியது. கத்தினேன். அந்தக் கூடத்தில் கத்தினால் சத்தம் வருவதில்லை, அதுவும் ஒரு பலகையில் எழுதியிருந்தது.

பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது. கோலாலம்பூர் விமானத்தில் மடி ஏறிவிட்டது, கதவு சாத்தப்படுகிறது.

கால் வலித்தது. பெஞ்சில் உட்காரப் போனேன். உட்காருவதற்கு மடி இல்லாததால் நேராகத் தரைக்கு வந்துவிட்டேன். இன்னொரு பெஞ்சிலும் முயன்றேன். அதே கதை. பிறகு நின்றுகொண்டே இருந்தேன்.

பேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மடி வருகிறது, நான் வரக் கொஞ்சம் தாமதமாகும் என்றேன். மொட்டைக்கும் இப்படித்தான் பண்ணினாய் என்றாள். அவள் மாமனார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாராம், உன் அண்ணன் இந்தத் தடவையாவது வருவானா என்று. நான் பாதிதான் வருகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு இரவு வரவில்லை. இரவு உள்நாட்டு முனையத்தில் மட்டும்தான் இறங்கும், இந்தப் பக்கம் வர அதற்கு அனுமதி கிடைக்கவில்லை என்று அந்தோணி மிக்கேல் சொன்னார். அவர் வரிசையின் நாடாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டிருந்தார். கொக்கி கழன்றுவிட்டது, ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று துப்புரவுத் தொழிலாளி யாரோ கேட்டிருக்கிறார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் கால்கள் ஒட்டிக்கொண்டு வட்டமான அடித்தட்டாக ஆயின. இடுப்பு பளபளத்தது. வரிசைக் கம்பமாகிவிட்டார். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். மஸ்கட்டிலும் நின்றுகொண்டுதான் வேலை, இங்கே ஏசி இருக்கிறது என்றார்.

வெளிச்சம் மாறாமலே மறுநாள் வந்தது. புதுப் படிவத்துக்கு நான்தான் முதல் ஆள். பயண நோக்கம் என்ற கட்டத்தில் இந்தத் தடவை என்ன எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். சுற்றுலா. மானம் போனால் போகட்டும். மாமனாக விடவில்லை என்றால் ஊர் சுற்றியாகவாவது போய்ச் சேருகிறேன். வரிசையில் நான் ஒருத்தன்தான். ஆனாலும் எனக்கு நான்காம் எண் கொடுத்தார்கள்.

கூடத்துக் கடிகாரம் கோலாலம்பூர் நேரம் ஒன்பது நாற்பது காட்டியபோது பேச்சி கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வர கேசட். அதற்கும் மேலே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே, மடி வந்துட்டு. ரெண்டு பேரு தள்ளுவண்டியில கொண்டாந்து எறக்குனாவ. மாமாதான் கையெழுத்துப் போட்டாவ."

நாற்காலியில் வைத்து, மேலே புது வேட்டி போர்த்தி, பொட்டும் வைத்திருக்கிறார்களாம். மடிக்கு எங்கே பொட்டு வைத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மிருதுளா அதில் உட்காரவே மாட்டேன் என்று திமிறுகிறாளாம். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. யார் தூக்கி வைத்தாலும் நழுவி இறங்கிவிடுகிறாள்.

இன்னொரு தடவை வை என்றேன்.

வைத்தாள். எனக்குத் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த என் மேல் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. சூடான, நெளிகிற பாரம். ஒன்பது கிலோ இருக்கும். இத்தனை நாளும் அவளை நான் ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கனம் என்று தெரியாது. பிடிக்கக் கையை நீட்டினேன், கையில் ஒன்றும் இல்லை. அவள் குதிகாலால் உதைத்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வலது காலை ஆட்ட ஆரம்பித்தேன்.

நின்றுகொண்டே காலாட்டுவது லேசில்லை. இடது காலில் பாரத்தை வாங்கிக்கொண்டு ஆட்டினேன். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. வரிசையில் ஆடாமல் நிற்கும்படி வத்சலா ஒலிபெருக்கியில் சொன்னார். நான் நிறுத்தவில்லை. அந்தோணி மிக்கேல் நாடாவை இழுத்துக் கொடுத்தார், அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டினேன்.

ஃபோனில் அழுகை நின்றது. ஒரு விக்கல். பிறகு சிரிப்பு.

"மடி ஆடுது அண்ணே," என்றாள் பேச்சி. அவள் குரல் மாறியிருந்தது. "நம்ம அம்மா அடிப்பாள்ல, அதே ஆட்டம்."

ஊசி ஏறியபோது பாரம் துள்ளியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. தொடை சூடாக நனைந்தது. பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. யாரோ திரவம் என்று கத்திக்கொண்டு ஒரு இயந்திரத்தோடு ஓடி வந்தார்கள், என்னைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காது குத்தியாகிவிட்டது. தோடு மட்டும் பாக்கி. அது என் சட்டைப் பையில் இருந்தது.

மாமன் தோடுதான் முதலில் ஏற வேண்டும், கடைத் தோடு போடக் கூடாது என்று மாமனார் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். இப்போதைக்கு வேப்பங்குச்சி சொருகியிருக்கிறார்கள்.

"அதையும் பிடுங்கிப் பிடுங்கிப் போடுதா. சாயங்காலத்துக்குள்ள ஓட்டை தூந்து போயிரும்ங்காரு ஆசாரி. வந்துருவல்லா?"

நான்காம் எண் என்று கூப்பிட்டார்கள்.

வத்சலா என்னைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பயண நோக்கம் கட்டத்தில் விரலை வைத்தார். சுற்றுலா என்று எழுதினால் உடனே முத்திரை. கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த பலகையைப் பார்த்தேன். வெளிநாட்டு முனையம் நான்காயிரம் மீட்டர். ஆளுக்கு இடமுள்ள அடுத்த விமானம் நாளை மறுநாள். சேர்ந்துவிடலாம். நானே என் காலால் நடந்துபோய்ச் சேர்ந்து, நானே அவளைப் பார்க்கலாம். காது தூர்ந்திருக்கும்.

"சுற்றுலான்னு சொல்லும் அண்ணாச்சி," என்றார் அந்தோணி மிக்கேல், கம்பத்திலிருந்து. "ஒரு தடவை பட்டது போதாதா?"

எரிச்சலாக இருந்தது. இந்தக் கட்டத்தின் மேல், இந்தப் பலகையின் மேல், மொட்டை ஃபோட்டோவில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பேன்ட்டின் மேல், எல்லாவற்றின் மேலும் எரிச்சலாக இருந்தது. ஊக்கைக் கழற்றித் தோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"தோடு போட," என்றேன்.

வத்சலா அதை எழுதிக்கொண்டார். கல்லை வெளிச்சத்தில் பார்த்தார். பகல் விமானம் இன்னும் இருபது நிமிடத்தில் கிளம்புகிறது, பொருளுக்கு இடம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை என்றார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"போடுறது எது?"

"கைதான்."

"அப்ப அதையும் சேர்த்து வைங்க."

முதலில் கையெழுத்துப் போட்டேன். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் தட்டில் வைத்தேன். வலது உள்ளங்கையில் தோட்டை வைத்து விரல்களை மூடி, மணிக்கட்டில் சீட்டுக் கட்டினார்கள். கிரைண்டர் மோட்டார் கழற்றிக் கழற்றி நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவே இல்லை. கழுவிவிட்டு அனுப்பியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ரப்பர் திரை விலகியது.

வத்சலா புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பயண நோக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது. நாளைக் காலையில் வரச் சொன்னார். அந்தோணி மிக்கேல் நாடாவைக் கொஞ்சம் தாழ்த்தினார், நான் அதில் சாய்ந்து நின்றேன்.

சாயங்காலம் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில், இல்லாத விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னக் காது, பூவிதழ் மாதிரி மெத்தென்று, இன்னும் சூடாக இருந்தது. மடியில் பாரம் வந்து அமர்ந்தது. வலது காலை ஆட்டிக்கொண்டே திருகாணியைத் திருகினேன், வலிக்கக் கூடாதென்று ரொம்ப மெதுவாக.