தொப்பி முட்டை போடுமா?

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. "தொப்பி முட்டை போடுமா?" அல்மாத்தியில், ஓர் அருங்காட்சியகத்தின் கடையில் வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இவ்வளவு அழகான சண்டையைக் கேட்டதில்லை. அதற்கு முன்னும் பின்னும் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

கரதாவ் மலையடிவாரத்தில், பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரையில் ஒரு பறக்கும் பல்லி தன் சிறகை

(இந்த வரியை அடித்துவிட்டேன். இப்படிப் போனால் கலம்காஸ் கதைக்குள் வருவதற்கே பதினைந்து கோடி ஆண்டு பிடிக்கும்.)

3

கலம்காஸ் அந்தக் கடைக்குப் பொம்மை தைப்பவள். அவள் தைத்த பறக்கும் பல்லிக்கு உடம்பெல்லாம் புசுபுசுவென்று மயிர். பல்லிக்கு ஏது மயிர் என்று அருங்காட்சியக இயக்குநர் செரிக்போல் குதித்தார். அவரை மாடிக்கு இழுத்துப் போய், கரதாவில் கிடைத்த பல்லிப் படிவக் கல்லைக் காட்டினாள். கல்லில் மயிர்த்தடம். மனிதர் ஒப்புக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பொம்மையின் நெற்றியில் ஆந்தை இறகுக் குஞ்சம் ஒன்றையும் வைத்துத் தைத்தாள். கண்ணேறு படாமல் இருக்க இங்கே குழந்தையின் தொப்பியிலும் தொட்டிலிலும் வைப்பார்களே, அது. வெளியூர் நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டு, பல்லிக்கு இறகா என்று சிரித்தார். வந்தது வினை.

4

(இந்தக் குஞ்சத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். "நம்ம ஆளுங்களுக்குப் புரியாது சார்." கண்ணேறு நமக்கா புரியாது! கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இல்லாமல் வளர்ந்தவரா இவர்? எடுக்கவில்லை.)

5

"அபாய், இறகையெல்லாம் வெட்டிடுங்க," என்றார் செரிக்போல்.

(மூத்த பெண்ணை இங்கே அபாய் என்பார்கள். நம் காதுக்கு அபாயம் என்று கேட்கும். இவள் விஷயத்தில் காது பொய் சொல்லவில்லை.)

"முடியாது."

"கல்லுல மயிர் இருக்குன்னு நீங்கதானே காட்டினீங்க? அதே கல்லுல இறகு இருக்கா, சொல்லுங்க."

மடக்கிவிட்டார். எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. வேண்டும்போது மட்டும் கல்லைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாளோ?

"இல்லதான்," என்றாள். "தொப்பியிலகூட இறகு வைக்கிறோம். தொப்பி முட்டை போடுமா? இறகு பல்லிக்கு இல்ல தம்பி. அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குற குழந்தைக்கு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செரிக்போல் முகம் சிவந்துவிட்டது.

"இறகு இருந்தா இங்க உங்க பொம்மை இருக்காது. நாளையிலேர்ந்து ஃபாக்டரி சரக்குதான். அப்புறம் உங்க வேலையும்..."

அவர் முடிக்கவில்லை. கலம்காஸ் கத்தரிக்கோலை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"குழந்தைக்கு வச்சதை எடுக்கிற கை உங்க கையா இருக்கட்டும். என் கை இல்ல."

6

முடிவு ஒன்று: நிபுணர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். (தூ.)

முடிவு இரண்டு: செரிக்போல் வெட்டுகிறார், அவள் வேலை நிலைக்கிறது. நடக்கக்கூடியதுதான். ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கத்தரி இறகைத் தொட்ட இடத்தோடு நிறுத்திவிட்டேன். கோழைத்தனம் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள்.

கதை என்றால் முடிந்தே ஆகவேண்டும் என்பவரா நீங்கள்? கத்தரிக்கோல் இதோ. பிடி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இறகை வெட்டும் அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுத மாட்டேன்.